பாவாடை கணக்கில் வருமா, சித்தப்பா?

லெஸ்டர்,
28.9.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



"ஏங்கண்ணு, அமெரிக்காக்காரன் அம்பது பர்சென்ட் வரி போட்டு ஆர்டரெல்லாம் நிக்குது. நீயும் துணிமணியே வாங்கறதில்லைன்னு உக்காந்துட்டியாமா? அப்பறம் நாங்க எங்க போறது?" என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது வந்து சேர்ந்தது. ட்ரம்ப்புக்கு அடுத்தபடியாகத் திருப்பூரைக் கவிழ்க்கக் கிளம்பிய ஆள் என்று சொந்த மகளையே சந்தேகப்பட்டால் எப்படி? பதிலைப் பேசி அனுப்பினால் சித்தி பாதியிலேயே நிறுத்திவிடுவார். அதனால்தான் எழுத்து. டீ டைமில் உங்கள் தையல் யூனிட்டில் எல்லாருக்கும் இதை உரக்கப் படித்துக் காட்டுவீர்கள் என்பதும் தெரிந்ததுதான். எனவே 'நான், எனக்கு' என்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பேப்பரில் வருகிற செய்தி மாதிரியே எழுதியாகிவிட்டது. செய்தியின் நாயகி உங்கள் மகள்.

விஷயம் பீரோவில் ஆரம்பித்தது. துணி மாட்டுகிற கம்பி ஒரு ராத்திரி பாரம் தாங்காமல் பலகையோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இது ஒரு ஆளின் துணியா, கடைச் சரக்கா என்று இந்த ஊர் மரியாதையோடு விசாரித்தார். ரிப்பேர் செலவை வாடகையோடு சேர்த்துவிடுவதாகவும் அதே மரியாதையோடு சொன்னார். பிரிட்டனில் 'ராப்' என்ற அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கே வயதுவந்த ஒருவரிடம் சராசரியாக 118 உருப்படி இருக்கிறது. அதில் நாலில் ஒரு பங்கு ஒரு வருடமாக உடம்பில் ஏறியதே இல்லை. உங்கள் மகளும் உட்கார்ந்து எண்ணினாள். 118 எப்போதோ தாண்டிவிட்டது. எங்கே போய் நின்றது என்பது சித்திக்குத் தெரிய வேண்டியதில்லை.

அப்போதுதான் அந்த 33 கண்ணில் பட்டது.

அமெரிக்காவில் கோர்ட்னி கார்வர் என்ற அம்மா 2010-ல் ஆரம்பித்துவைத்த காரியம் இது. மூன்று மாதத்துக்கு 33 உருப்படிதான். உடுப்பு மட்டுமில்லை, செருப்பு, நகை, ஸ்கார்ஃப், கோட்டு எல்லாம் சேர்த்துத்தான் 33. மிச்சத்தைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. கல்யாண மோதிரம், கழற்றவே கழற்றாத நகை, உள்ளாடை, தூங்கும்போது போடுவது, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சாவகாசமாக இருப்பது ஆகியவை கணக்கில் வராது. உடற்பயிற்சி உடுப்பும் வராது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு உடற்பயிற்சிதான் செய்ய வேண்டும். காய் வாங்கப் போகக் கூடாது.

இந்தச் சட்டத்தை எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண்ணின் பீரோவை எட்டிப் பார்த்திருக்க மாட்டார். சேலை ஒரு உருப்படியா, மூன்றா? ஜாக்கெட்டைச் சேர்க்காமல் முடியாது. பாவாடை வெளியே தெரியாததால் அது உள்ளாடைதான் என்று உங்கள் மகள் வாதாடினாள். மாடிப்படி ஏறும்போது தெரிகிறதே என்றார் மாப்பிள்ளை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. சுடிதார் செட்டுக்கு மூன்று போய்விடும். துப்பட்டாவையே குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் ஸ்கார்ஃப் கணக்கில் ஒன்று மிச்சம். கம்மல் ஜோடிக்கு ஒன்று என்று சுலபமாகத் தீர்ந்தது. மெட்டி? இரண்டு கால், இரண்டு விரல், ஆனால் கழற்றாத நகை, அது தப்பித்தது. தாலிக்கொடியும் தப்பித்தது. கொடியில் கோத்திருக்கிற குண்டும் காசும் தனித்தனியாக வருமா என்று மாப்பிள்ளை கேட்டார். கேட்டதோடு சரி, பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

குடைக்கு மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. குடை அணிவதா, பிடிப்பதா? லெஸ்டரில் குடை இல்லாமல் வாசல்படி இறங்க முடியாது. ஆனால் காற்று அடித்தால் அது குடையாகவே இருப்பதில்லை. கடைசியில் பிடிப்பது என்று தீர்ப்பாகி, கணக்கிலிருந்து விடுதலை ஆனது. மழைக்கோட்டு, குளிர்கோட்டு, பூட்ஸ், கையுறை, கம்பளித் தொப்பி எல்லாம் உள்ளே வந்தன. ஊரில் இருப்பவருக்கு 33 என்பது 33தான். இங்கே வானிலைக்கே பாதி எழுதிவைத்துவிட்டு, மிச்சத்தில்தான் குடித்தனம்.

இதில் உண்மையான லாட்டரி யாருக்கு என்றால், நைட்டிக்காரர்களுக்கு. தூங்கும் உடுப்பு, வீட்டு உடுப்பு இரண்டு விலக்கிலும் நைட்டி வந்துவிடுகிறது. கோலம் போட, பால் வாங்க, ரேஷன் கடைவரை நைட்டியும் மேலே ஒரு துண்டுமாகவே போய்வரும் சித்திக்கு 33-ல் முப்பது மிச்சமாகும். அந்தத் துண்டு கணக்கில் வருமா என்பதுதான் சிக்கல். (இந்தப் பாராவை டீ டைமில் படிக்க வேண்டாம்.)

மாப்பிள்ளையின் கதை வேறு. நாலு சட்டை, மூன்று பேண்ட், ஒரு ஸ்வெட்டர் என்று சட்டம் தெரியாமலேயே அவர் சட்டத்துக்குள் இருக்கிறார். ஒதுக்கீட்டில் பாதி சும்மா கிடக்கிறதே, அதைத் தன் பேரில் மாற்றித் தரக் கூடாதா என்று உங்கள் மகள் கேட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காது கூர்மை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "எங்கள் காலத்தில் அது குற்றம்" என்றார்.

தொண்ணூறைத் தாண்டிய பாட்டி. யுத்த காலத்தில் இங்கே துணிக்கும் ரேஷன் இருந்ததைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர். 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவில் அறிவித்தார்களாம். கடைகள் பூட்டியிருந்ததால் முந்திக்கொண்டு வாங்கிக் குவிக்க வழியில்லை. ஆளுக்கு வருடத்துக்கு 66 கூப்பன். ஆணுக்குக் கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, பேண்ட் என ஒரு சூட் எடுத்தால் அதில் 26 காலி. அடுத்த வருடங்களில் அந்த 66-உம் குறைந்தது. துணி மிச்சம் பிடிக்க ஆண்களின் பேண்ட்டில் காலடி மடிப்பு வைக்கக் கூடாது என்றே அரசாங்கம் தடை போட்டது. ஆண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நீளமாக வாங்கிவந்து வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை, 1949 மார்ச் வரை ஓடியது. 1947-ல் இளவரசி எலிசபெத்தின் கல்யாணச் சேலைக்கு, இங்கத்திய பாஷையில் கவுனுக்கு, ஊர் மக்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பினார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது என்பதால் அவ்வளவும் திரும்பிப் போனது. இளவரசிக்கே இல்லாத சலுகை உங்கள் மகளுக்கு மட்டும் கிடைத்துவிடுமா?

அதே பாட்டிதான் ஸ்வெட்டர் முழங்கையில் விழுந்த ஓட்டையைத் தைக்கச் சொல்லிக் கொடுத்தார். காளான் வடிவில் ஒரு மரக்கட்டை. ஓட்டைக்கு அடியில் அதைக் கொடுத்துத் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் ஒரு பக்கமாகக் கம்பளி நூலை வரிசையாக ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக ஊசியை விட்டு எடுக்க வேண்டும். பாவும் ஊடையும்தான், சித்தப்பா. சென்னிமலைத் தறியில் ஓடுகிற அதே வேலை, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில். நூலை இறுக்கி இழுத்தால் சுருங்கிவிடுகிறது. உங்கள் மகளின் முழங்கையில் இப்போது இருப்பது தையல் இல்லை, தழும்பு.

லெஸ்டரும் ஒரு காலத்தில் திருப்பூர்தான் என்பது உங்களுக்குப் பிடிக்கும். பக்கத்து நாட்டிங்ஹாம்ஷையரில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தை 1589-ல் செய்தார். அதிலிருந்து இந்த வட்டாரமே பின்னலில் பிழைத்தது. வீட்டுக்கு வீடு தறி, கூலிக்குப் பின்னல், நடுவில் கமிஷன் ஆள் என்று எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. விக்ஸ்டனில் பின்னல்காரர்களுக்கு ஒரு மியூசியமே இருக்கிறது. கடைவீதிப் பக்கம் தையல்காரப் பெண்ணுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ஊசியும் துணியுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஓவர்டைம் கேட்பதில்லை. தொழில் போன பிறகு சிலை வைக்கிற ஊர் இது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். உங்கள் மகள் துணி வாங்காததால் திருப்பூர் படுத்துவிடுமா?

கடைக்குள் போனால் அவள் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பி ஓவர்லாக்கைப் பார்க்கிறாள், கழுத்து ரிப்பை இழுத்து விட்டுப் பார்க்கிறாள், துணியை விரலுக்கு நடுவே தேய்த்துக் கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்கிறாள். கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் படுத்துத் தூங்கி வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன தெரியும்? கடைப் பெண் சந்தேகத்தோடு பின்னாலேயே வருகிறாள். நாலு பவுண்ட் டி-ஷர்ட்டை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் கடையே தெரிகிறது. 180 இருக்க வேண்டிய இடத்தில் 140 கூடத் தேறாது. நாலு தண்ணி பார்த்ததும் பக்கத்துத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடுகிறது. இங்கே குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 12.21 பவுண்ட். அதாவது இருபது நிமிடச் சம்பளத்துக்கு ஒரு டி-ஷர்ட். பருத்திக்காரர், ஸ்பின்னிங் மில், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங் அக்கா, கப்பல், கடை வாடகை எல்லாரும் அந்த இருபது நிமிடத்துக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பங்குக்கு எத்தனை நொடி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கத்திய பார்லிமென்ட் கமிட்டி ஒன்று 2019-ல் கணக்குப் பார்த்து, ஐரோப்பாவிலேயே ஆளுக்கு அதிகமாகத் துணி வாங்குகிறவர்கள் பிரிட்டன்காரர்கள்தான் என்றது. பழைய துணியைச் சேகரித்துத் தரம்பிரிக்கும் செலவுக்கு, ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பென்னி வாங்கலாம் என்றும் யோசனை சொன்னது. அரசாங்கம் முடியாது என்றுவிட்டது. ஒரு பென்னி, சித்தப்பா! பட்டன்கூட அதற்கு வராது.

இவர்கள் அவ்வளவு வாங்கியபோது நமக்கு மிஞ்சியது என்ன? ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி நின்றது. 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவு போட்டு 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடியபோது, பீஸ் வராமல் யூனிட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது உங்கள் மகளுக்கு மறக்கவில்லை. ஒரு துணியைக் கூடுதலாக ஒன்பது மாதம் உடுத்தினாலே அதற்கான தண்ணீர், கார்பன், குப்பைக் கணக்கு 20 முதல் 30 சதவீதம் குறையும் என்கிறது அதே 'ராப்'. ஆனால் ஒன்பது மாதம் உடுத்த, துணி ஒன்பது மாதம் இருக்க வேண்டுமே. 33-க்காரிக்கு ஒரே டி-ஷர்ட் வாரம் இரண்டு தரம் மெஷினுக்குள் போகிறது. அவளுக்கு வேண்டியது நல்ல நூல், நல்ல ஜிஎஸ்எம், முறுக்காத தையல். விலை இரண்டு மடங்கு ஆனாலும் கொடுப்பாள். ஜூலை 24-ல் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் நம் துணிக்கு இங்கே வரி போகும். அந்த மிச்சம் தையல் கூலிக்கு வருமா, நாலு பவுண்டை மூன்றே முக்கால் ஆக்கப் போகுமா என்பதைத்தான் நீங்கள் பையரிடம் கேட்க வேண்டும். உங்கள் மகளிடம் இல்லை.

வீறாப்பாக எழுதியாகிவிட்டது. ஆனால் அக்டோபர் 20 தீபாவளி. பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்திக் கடைகள் வரிசையாகச் சேலையைத் தொங்கவிட்டிருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது உங்கள் மகள் எதிர்ப்பக்க ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். மஞ்சள் வைக்காத துணியைக் கட்டிக்கொண்டு ஒரு தீபாவளி போகாது என்று அம்மா போனில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையோ, ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்று சட்டம் பேசுகிறார். எதை வெளியே அனுப்புவது? கோட்டை அனுப்பினால் காய்ச்சல் வரும். பூட்ஸை அனுப்பினால் வழுக்கும். பாவாடை வழக்கில் சித்தி சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் மூன்று இடம் காலியாகும். தயவுசெய்து கேட்டு, தபாலுக்குக் காத்திருக்காமல் போனிலேயே சொல்லச் சொல்லவும்.

தம்பிக்கும் பாப்பாவுக்கும் அன்பு. யூனிட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: அடுத்த மாதம் நம் ஊரிலிருந்து யாராவது வந்தால், மாப்பிள்ளைக்குக் கை வைத்த பனியன், 95 சைஸ், அரை டஜன் கொடுத்துவிடவும். அது உள்ளாடை, எத்தனை வந்தாலும் கேள்வி கிடையாது. அதில் இரண்டை மட்டும் 85-ஆகக் கொடுத்தால் உங்கள் மகள் வீட்டுக்குள் போட்டுக்கொள்வாள். அதுவும் கணக்கில் வராது.