பழைய இரும்புக்காரருக்கு ஒரு நோபல்

மடவளை பஸாரில் பழைய இரும்பு வாங்கும் நானா ஒருவர் இருக்கிறார். த்ரீவீலின் நெற்றியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, வத்தேகம வீதி முழுக்க இரும்பு, பித்தளை, பெட்டரி என்று இரண்டு மொழியிலும் ஓதிக்கொண்டே போவார். எந்தச் சாமானையும் மூன்று தரம் தட்டிப் பார்க்காமல் தராசில் ஏற்றமாட்டார். தட்டும்போது முகத்தில் வைத்தியரின் களை வந்துவிடும்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, "சேர், கெம்பஸ்காரங்க பழைய மெஷின் ஏலம் போட்டா எடுக்கலாமா? படிச்சவங்கட சாமான், பிரச்சின வராதுதானே?" என்றார்.

நான் பிளேன்டீயைக் கீழே வைத்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. பதில் சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டான்.

கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது. 1904இல் சப்ரகமுவவில், பலாங்கொடைப் பக்கத்தில், இரத்தினக்கல் தோண்டும் சரளையில் கறுத்த கல் ஒன்று அகப்பட்டது. சின்னச் சதுரம், அளவுக்கு மீறிய கனம், மோதிரத்துக்கு உதவாத முகம். அதில் விஷயம் இருக்கிறதென்று கண்டவர் அப்போது இலங்கையின் கனிம ஆய்வுப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. ஆம், பிற்காலத்தில் நடராசரின் நடனத்தைப் பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான். தோரியமும் யுரேனியமும் நிறைந்த அந்தக் கல்லுக்குத் தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள். கல் கப்பலேறி லண்டன் போனது. அங்கே ராம்சே என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் அதைக் கரைத்து வடித்து, 1905இல் ரேடியோதோரியம் என்ற புதுச் சரக்கைக் கண்டுபிடித்தார். பிற்பாடு யுரேனிய அணு பிளப்பதைக் கண்டு நோபல் வாங்கியதும் அவரேதான்.

"அப்ப அணுகுண்டுக்குக் கல்லு குடுத்தது நாங்களா?"

"குண்டுக்கு இல்ல நானா. அவர் கை பழகினதுதான் நம்மட கல்லுல."

நானா மீசைக்குள் சிரித்தார். சப்ரகமுவக் கல்லுக்கு அவர் மனதில் கிலோ விலை ஏறியது எனக்குத் தெரிந்தது.

கதிர்வீச்சைக் கண்டுபிடித்த மேதைகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் சொல்லியாக வேண்டும். கதிரியக்கத்தை முதலில் கண்டவர் ஹென்றி பெக்கரல். 1901இல் அவர் ரேடியக் குழாயொன்றை மேற்சட்டைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். சில நாளில் பொக்கெட்டுக்கு நேரே தோல் வெந்து புண்ணானது. பியர் கியூரியோ ரேடியத்தை வேண்டுமென்றே கையில் கட்டி வைத்துப் புண் வரவழைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து அந்தப் புண்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1903இல் மேரி கியூரியோடு மூவருக்கும் நோபல் கிடைத்தது. பொக்கெட்டில் போட்டுப் புண்ணானவர் பெரிய மனிதராக இருந்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானாவை டெல்லிக்குக் கூட்டிப் போனேன்.

டெல்லிப் பல்கலைக்கழக இரசாயனத் துறையில் காமா செல் என்றொரு கனடா நாட்டு இயந்திரம் இருந்தது. உள்ளே கோபால்ட்-60, வெளியே தடித்த ஈயக் கவசம். 1985க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அதை வைத்து ஆராய்ச்சி செய்த பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் தலைக்குள் இருந்த விவரமும் அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றது. அறையில் மிஞ்சியது ஒரு பெரிய இரும்புப் பொருள், அதன் மேல் தூசு. அரச அலுவலகத்தில் இப்படியான பொருளுக்கு ஒரே விதிதான்: முதலில் இடத்தை அடைக்கிறது என்று முறைப்பாடு வரும், பிறகு ஏலத்துக்குக் கடிதம் வரும். 2010 பெப்ரவரியில் ஏலம் போட்டார்கள். வேதியியல் கற்ற அத்தனை பேர் நடமாடும் கட்டடத்தில் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்க ஒருவரும் இல்லை. சாமான் லொறியேறி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போனது.

அங்கே உழைப்பாளிகள் ஈயத்துக்காக அதை உரித்தார்கள். நம் நானாவும் அதைத்தான் செய்திருப்பார். ஈயத்துக்கு நல்ல விலை. உள்ளிருந்து பளபளப்பான உலோகத் துண்டுகள் வந்தன. கோபால்ட்-60 ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1985இலிருந்து கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து தடவை பாதியாகிவிட்டது, முப்பதில் ஒரு பங்குதான் மீதி. அந்த மீதியே போதுமாக இருந்தது. ஏப்ரலில் ஒரு வியாபாரி தோல் கறுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்னொருவர் ஒரு துண்டைப் பர்ஸில் வைத்துப் பின் பொக்கெட்டில் சொருகியிருந்தார். அவருக்குப் பின்பக்கம் வெந்தது. பெக்கரலின் பரிசோதனையை நூறு வருடம் கழித்து அச்சொட்டாகத் திரும்பச் செய்திருக்கிறார், பொக்கெட் மட்டும்தான் இடம் மாறியிருந்தது. நோபல் குழுவிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை.

"எத்தின பேர் மௌத்து சேர்?"

"ஒருத்தர். ஏப்ரல் 26ஆம் திகதி. உரிச்ச கூலிக்காரர். வேற ஏழு பேர் மட்டில ஆஸ்பத்திரியில."

நானா தேத்தண்ணியைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "வித்தவருக்கு?"

பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது என்றேன். "கடிதமா" என்றார்.

மெக்சிக்கோவில் இன்னும் விசேஷம். ஹுவாரெஸ் நகர ஆஸ்பத்திரி ஒன்று 1977இல் வாங்கிய புற்றுநோய்க் கதிர்க் கருவி, ஆறு வருடம் பண்டகசாலையில் தூங்கியது. 1983 டிசம்பரில் அது பழைய இரும்பாகப் போனபோது, ஆறாயிரம் போலக் கடுகுமணி கோபால்ட் சிதறி, உருக்காலையில் கலந்து, கட்டடக் கம்பியாகவும் மேசைக் காலாகவும் அமெரிக்காவுக்குள் போனது. எல்லையில் எந்த அதிகாரிக்கும் அது தெரியவில்லை. 1984 ஜனவரியில் கம்பி ஏற்றிய லொறியொன்று வழி தவறித் திரும்பியது. திரும்பிய இடம் லொஸ் அலமோஸ், அணுகுண்டு செய்த அதே ஆய்வுகூடம். வாசலில் இருந்த அலாரம் அலறியது. ஒரு சாரதி பாதை விசாரிக்க வெட்கப்பட்டதால் வெளிச்சத்துக்கு வந்த விபத்து இது என்று நான் நம்ப விரும்புகிறேன்.

இதற்கெல்லாம் எச்சரிக்கைக் குறி கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, மஞ்சளில் மூன்று கறுப்பு இதழ். பில் துண்டின் பின்னால் வரைந்து நானாவிடம் காட்டினேன்.

"ஃபேன் மோட்டர்தானே? செப்புக் கம்பி ஈக்குமே!"

சர்வதேச அணுசக்தி முகமைக்கும் இந்தச் சங்கடம் பிடிபட்டிருக்கிறது. 11 நாடுகளில் ஆட்களிடம் காட்டிப் பார்த்து, 2007இல் புதுக் குறி கொண்டுவந்தார்கள்: சிவப்பு முக்கோணம், மேலிருந்து பாயும் கதிர், மண்டையோடு, தப்பி ஓடும் மனிதன். அதையும் வரைந்தேன். "இது வெளங்குது. ஓடணும்" என்றார் நானா. அவர் கேட்டதால் நம் நாட்டு ஏற்பாட்டையும் சொன்னேன். 1969இல் வந்த ஓர் அதிகாரசபையே எல்லாம் பார்த்தது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அதை இரண்டாக்கி, அணுசக்திச் சபையிடம் வேலையையும் ஒழுங்குபடுத்தல் பேரவையிடம் மேற்பார்வையையும் கொடுத்தது. ஒன்று சமைக்கும், மற்றது உப்புப் பார்க்கும்.

கடைசியாக பிரேசிலின் கொயானியா. தனியார் கதிர்ச் சிகிச்சை நிலையமொன்று வேறிடம் மாறியபோது சீசியம்-137 கருவியைப் பழைய கட்டடத்தில் விட்டுப் போனது. கட்டடத்துக்காக வழக்கு நடந்தது. கருவி வாய்தா வாய்தாவாகக் காத்திருந்தது. 1987 செப்டம்பர் 13ஆம் திகதி இரண்டு பேர் அதைக் கழற்றித் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பழைய சாமான் கடைக்காரர் வாங்கினார். இரவில் அது நீலமாக ஒளிர்ந்தது. பாவம், அழகான பொருள் என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார், சொந்தக்காரருக்கு அள்ளிக் கொடுத்தார். ஆறு வயதுப் பிள்ளையொன்று அந்தத் தூள் பட்ட கையோடு சாப்பிட்டது.

வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் நோயில் விழுவதைக் கவனித்தவர் கடைக்காரரின் மனைவி. பட்டம் இல்லை, கருவி இல்லை. மிச்சத்தை ஒரு பையில் போட்டு, கடைப் பையனைத் தூக்கச் சொல்லி, பஸ்ஸேறிச் சுகாதார அலுவலகத்துக்குப் போய், வைத்தியரின் மேசையில் வைத்து, என் வீட்டாரைக் கொல்வது இதுதான் என்றார். வைத்தியர் யோசித்துவிட்டு அதை முற்றத்துக்குக் கொண்டுபோய் ஒரு கதிரையில் வைத்தார். மறுநாள் ஒரு பௌதிகவியலாளர் இரவல் அளவு கருவியோடு புறப்பட்டார். அலுவலகத்தை நெருங்கும் முன்பே முள் ஓரத்தில் போய் முட்டியது. கருவி பழுது என்று திரும்பிப் போய் வேறொன்று எடுத்து வந்தார். அதுவும் முட்டியது. அதற்குள் வைத்தியர் தீயணைப்புக்காரரை அழைத்திருந்தார். பையை ஆற்றில் எறிவதுதான் அவர்களின் யோசனை! பௌதிகவியலாளர் இன்னொரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்திருந்தால் ஆறு போயிருக்கும்.

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரைச் சோதித்தார்கள், 249 பேரில் கதிரியக்கம் ஒட்டியிருந்தது, நான்கு பேர் இறந்தார்கள். அந்த மனைவியும் அந்தப் பிள்ளையும் ஒக்டோபர் 23ஆம் திகதி, ஒரே நாளில். பிள்ளையின் ஜனாஸாவுக்கு ஊரார் கல்லெறிந்தார்கள்.

நானா எதுவும் பேசவில்லை. இரண்டு பிளேன்டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து, அஸருக்குப் பிறகு, அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஷொப்பிங் பை. உள்ளே கடதாசியில் சுற்றிய ஏதோ ஒன்று, அளவுக்கு மீறிய கனம்.

"ஒரு பழைய வீட்டுல கெடச்சது சேர். தட்டவும் இல்ல, பிரிக்கவும் இல்ல. நீங்க பாத்துச் செல்லுங்க."

பையை முற்றத்துக் கதிரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் அவருக்குப் பின்னால் நின்றேன். உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கடதாசியைக் கிழித்தாள்.

"இஞ்சி இடிக்கிற பித்தள உரல்" என்றாள். "எவ்வளவு, நானா?"