பெருமாளுக்கு எட்டுச் சரக்கு, நமக்கு பல்செட் மாவு

உத்திரமேரூர்ச் சபைக்கு வர வயது 35-க்கு மேல், 70-க்குள் என்று பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல், கல்லில் வெட்டிவைத்தார்கள். சொந்த மனை கேட்டார்கள், வரி கட்டும் நிலம் கேட்டார்கள், கணக்குக் காட்டாதவனைச் சொந்தபந்தத்தோடு தள்ளிவைத்தார்கள். முழங்காலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அதே ஊர் சுந்தரவரதப் பெருமாளே கீழ்த்தளத்தில் நின்று, நடுத்தளத்தில் உட்கார்ந்து, மேல்தளத்தில் படுத்துவிட்டார். மாடிப்படி யாரைத்தான் விட்டது?

சாமி சிலை ஆடாமலிருக்க மட்டும் நம்மவர்களிடம் வைத்தியம் இருந்தது: அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இடி இடியென்று இடித்து, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே திணிப்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரிப்பேர், எக்ஸ்ரே கேட்பதில்லை.

மனுஷன் காலுக்கு இந்த யோசனை வர 1890 ஆயிற்று. பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்ற டாக்டர் யானைத் தந்தத்தில் முழங்கால் மூட்டு செய்து வைத்தார். அதை நிறுத்த அவர் முயன்று பார்த்த கலவையில் நுரைக்கல்லும் மரப்பிசினும். ஆகமம் படிக்காமலே குங்கிலியத்தின் பங்காளி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்! பாவம், அவர் கைவைத்தது காசநோய் அரித்த மூட்டுகளில், சீழ் பிடித்தது. மூத்த டாக்டர் பெர்க்மான், மாநாட்டில் மூச்சுவிடக் கூடாது என்று வாயை அடைத்தார். தள்ளிவைக்க அங்கே கல்வெட்டுகூடத் தேவைப்படவில்லை.

அப்புறம் இங்கிலாந்தின் எலும்பு டாக்டர் ஜான் சார்ன்லி. 1958-இல் இடுப்பு மூட்டை நிறுத்த அவர் கடன் வாங்கியது பல்செட் செய்யும் அக்ரிலிக்கை. யோசனை, பல் மருத்துவப் பொருள் நிபுணர் டென்னிஸ் ஸ்மித்துடையது. தாத்தாவின் வாயிலிருந்து பாட்டியின் இடுப்புக்கு இறங்கியது சரக்கு. பேர் போன் சிமென்ட், ஆனால் ஒட்டாது. எலும்பின் பொந்துகளில் புகுந்து இறுகி, ஆப்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். பவுடரில் திரவத்தைக் கலந்தால் தானே சூடேறி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கல். அறை சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். கத்திரி வெயிலில் ஏசி நின்றால் சர்ஜன் பாடு திண்டாட்டம்.

சிமென்ட் நின்றது, கிண்ணம் கவிழ்த்தது. தோசைக்கல்லில் பூசுகிறோமே, அந்த டெஃப்லானில் செய்த மூட்டுக் கிண்ணம் சில வருஷத்திலேயே தேய்ந்து உதிர்ந்தது. அந்தத் தூள் கெடுதலா என்று பார்க்கத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார் மனிதர். கட்டி கட்டியாக வீங்கியது. கிண்ணத்துக்கு 1962-இலிருந்து பாலிஎதிலீன். 1977-இல் சர் பட்டம். அதை வாங்க மண்டியிடுவது அவர்கள் சம்பிரதாயம். முழங்காலுக்கென்ன, அவருக்குப் பிரச்சினையெல்லாம் தொடையில்தானே.