மூன்று அரசுகளின் கன்று

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் 1963-ல் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கியது. சுவிஸ் அரசு, இந்திய அரசு, கேரள அரசு என மூவர் கைபட்ட காரியம். பிரவுன் சுவிஸ் காளையையும் உள்ளூர்ப் பசுவையும் கலந்து சுனந்தினி என்ற இனத்தையே உருவாக்கிவிட்டார்கள். மரபணுக்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும். கணக்குப் புத்தகங்கள் அப்படியல்ல. சுவிஸ் அரசுக்கு நிதியாண்டு ஜனவரியில் பிறக்கிறது, நமக்கு ஏப்ரலில். பிப்ரவரியில் ஒரு கன்று பிறந்தால் பெர்னில் அது புது ஆண்டின் சாதனை, தில்லியில் பழைய ஆண்டின் செலவு. திருவனந்தபுரத்தில் என்னவென்று தணிக்கைக்காரர் வந்துதான் சொல்ல வேண்டும்!

பசுவுக்கோ மார்ச் 31 தெரியாது. 21 நாளுக்கொரு முறை பருவத்துக்கு வரும், அது ஒரு நாள்கூட நிற்காது. அதற்குள் 'நிதிப்பிரிவின் கருத்தறிந்து மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று கருவூட்டலுக்கான உறைவிந்து வாங்கும் கோப்பு திரும்பினால் அடுத்த சுற்றுதான். உறைவிந்து கெடாமலிருக்க மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் வேண்டும். கோப்பு உறைய அந்தச் செலவுகூட இல்லை.

2025 ஜூனில் மத்திய அரசு இரங்கியது. அதன் ஆராய்ச்சி நிறுவனங்கள் விலைப்புள்ளி கேட்காமல் பொருள் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. இயக்குநர்கள் மகிழ்ந்தார்கள். இப்படி மூன்று எசமானர்கள் உள்ள இடங்களில் மட்டும் ஒரு சின்னச் சந்தேகம்: அந்த இரண்டு லட்சம் யாருடையது?