எந்தத் திசை நல்ல திசை?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா, “தமிழ்நாட்டைத் தாண்டாதே” என்கிறார். மாமா, “டெல்லிக்குப் போ” என்கிறார். கல்லூரிப் படிப்புக்கு நாட்டின் எந்தப் பகுதி நல்லது?
– ஒரு மாணவி, தென்காசி

பதில்: அப்பா தூரத்தைப் பார்க்கிறார், மாமா பெயரைப் பார்க்கிறார். நீங்கள் பாடத்தைப் பாருங்கள். திசை தானே தெரியும்.

புள்ளியியல் என்றால் கிழக்கு: மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் இருக்கிறது. வடிவமைப்பு என்றால் மேற்கு: அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம். வரலாறும் பொருளியலும் என்றால் டெல்லிப் பல்கலைக்கழகம். ஆனால் 2022 முதல் அங்கே இளநிலைச் சேர்க்கைக்குக் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் நம்பி ரயிலேறாதீர்கள்.

பொறியியல் என்றால் அவசரமாக ஊரைத் தாண்ட வேண்டாம். என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. திருச்சியில் அந்தச் சலுகை உங்களுக்கு. சூரத்கல்லில் கர்நாடகப் பிள்ளைகளுக்கு. ஐ.ஐ.டி.களில் இந்த ஒதுக்கீடு கிடையாது. அங்கே எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

எங்கே போனாலும் விடுதியை முதலில் விசாரியுங்கள். டெல்லியில் எல்லாக் கல்லூரிகளிலும் விடுதி இல்லை; வெளியே அறை எடுத்தால் செலவு கல்விக் கட்டணத்தையே மிஞ்சலாம்.

மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். பசி எடுத்தால் ஒரு மாதத்தில் எந்த மொழியும் வந்துவிடும். பெண் என்பதால் அப்பா தயங்கினால், அவரையும் அழைத்துப் போய் விடுதியைக் காட்டுங்கள். மகனுக்குப் போடாத எல்லைக்கோடு மகளுக்கும் வேண்டாம்.