படுத்தால் நட்சத்திரம்

கோயம்புத்தூரில் ஜன்னலுக்குத் துணி விற்று வயிறு வளர்க்கிறேன். ஊரில் இதற்கு ‘ஸ்கிரீன் கடை’ என்றுதான் பெயர். தொங்கினால் ஸ்கிரீன், கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறினால் ரோமன் பிளைண்ட், பாய் மாதிரி குழாயில் சுருண்டால் ரோலர். வருகிறவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். எதை மாட்டினாலும் ஜன்னல் சுவராகிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். “மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கணும் தம்பி. சினிமா தியேட்டர் மாதிரி இருட்டு வேணும்.” மேற்குப் பார்த்த மூன்றடி ஜன்னல். “பிளாக்அவுட் போட்டுறலாங்க சார், நூறு சதம் இருட்டு” என்றேன். சனி அந்த நூறு சதத்தில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ரோமன் பிளைண்டுக்கு வெளிச்சம் புகாத லைனிங் கொடுத்து, குச்சி செருகப் பட்டி வைத்து, டெய்லர் அழகாகத்தான் தைத்தார். மாட்டிய மறுநாள் மூன்று மணிக்கு போன்.

“தம்பி, படுத்தா நட்சத்திரம் தெரியுது.”

போனேன். அவர் கட்டிலிலேயே என்னைப் படுக்க வைத்தார். உண்மைதான். பட்டித் தையலில் ஊசி இறங்கிய இடமெல்லாம் ஒரு வெயில் பொட்டு. இரண்டு ஓரத்திலும் இடுக்கு வழியாக வெயில் சுவரில் கோடு வேறு போட்டிருந்தது.

“மேல் வரிசையில மட்டும் 212. அடுத்த வரிசை எண்ணறதுக்குள்ள வெயில் இறங்கிடுச்சு. நூறு சதம்னு சொன்னியே, இது 95தான்” என்றார். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை; அரை மார்க் கூடப் போடாது.

ஊசி குத்தினால் ஓட்டை விழும். இது எனக்குத் தெரியாததல்ல, சொல்லாதது. அன்றிலிருந்து குறையை முதலில் சொல்லித்தான் ஆர்டர் எடுக்கிறேன். “அண்ணா, விக்கறீங்களா, விரட்டறீங்களா?” என்கிறார் டெய்லர்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை நிறம். சேலைக் கடையில் வாசல் வெயிலுக்குத் தூக்கிப் போய்ப் பார்க்காமல் ஒரு புடவை எடுக்காத அம்மாக்கள், என் கடையில் ட்யூப்லைட்டுக்கு அடியில் நாலு அங்குல சாம்பிளைப் பார்த்து “இந்தச் சந்தனக் கலரே இருக்கட்டுங்க” என்று முடித்துவிடுகிறார்கள். ஜன்னலில் ஏறிப் பின்னாலிருந்து வெயில் பட்டதும் சந்தனம் பழைய பேப்பராகிவிடும். சாம்பிளை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, காலையில் ஒரு தரம், விளக்கு போட்ட பிறகு ஒரு தரம் பார்க்கச் சொல்கிறேன். பாதிப் பேர் திருப்பித் தருவதில்லை. இன்னொரு ஜன்னலுக்கு ஆறு மாதம் கழித்து வந்தால், கரூரிலிருந்து அதே நம்பர் துணிதான் வரும். ஆனால் சாய லாட் மாறியிருக்கும். கூடப் பிறந்தது மாதிரி இருக்காது. சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும்.

ரோமன் பிளைண்டின் மடிப்பும் முதல் நாளே படியாது. புதுப் புடவைக்குக் கொசுவம் நீவிவிடுவது போல ஒவ்வொரு மடிப்பாக நீவி, மேலே ஏற்றி, இரண்டு நாள் நாடாவால் கட்டி வைக்க வேண்டும். ஏற்றினாலும் காணாமல் போகாது. ஐந்தடி பிளைண்ட் சுமார் 10 அங்குலத்துக்கு உச்சியில் மடிந்து உட்கார்ந்திருக்கும். எனக்கு வரும் துணியின் அகலம் 54 அங்குலம். ஆறடி ஜன்னலுக்கு ஒட்டில்லாமல் கேட்டால் தறியைத்தான் அகலப்படுத்த வேண்டும்.

அளவு எடுப்பது தனிக் கதை. மேலே 48, நடுவில் 47¾, கீழே 47½. குறைந்ததற்குத்தான் தைக்க முடியும், மிச்சம் இடுக்கு. “எங்க ஜன்னல் கோணலுங்களா?” என்று வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். இருபது வருஷமாக நேராக இருந்த ஜன்னலை நான்தான் டேப் வைத்துக் கோணலாக்கினேனாம்.

போன மாதம் சரவணம்பட்டி அபார்ட்மெண்ட்டிலிருந்து ஓர் இளம் ஜோடி. ஐடி வேலை, நைட் ஷிஃப்ட், பகலில் தூக்கம். கொசுவத்திலிருந்து நட்சத்திரம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர்கள் அதைப் போனில் குறித்துக்கொண்டார்கள். நான் உஷாராகியிருக்க வேண்டிய இடம் அது.

மாட்டிய மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டது. “அண்ணா, எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்குதுங்க. நட்சத்திரம் மட்டும் ஒண்ணையும் காணோம். லைனிங் மாத்திப் போட்டுட்டீங்களா?”

போனேன். கயிற்றை இழுத்து ஏற்றினேன். நாலடி தள்ளி அடுத்த பிளாக்கின் சுவர். அந்த ஜன்னலுக்கு வெயில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. “வெயில் அடிச்சாத்தானுங்க நட்சத்திரம்” என்றேன். அந்தப் பெண் நம்பவில்லை. பிளைண்டை இறக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைப் போட்டு, ஓரமாகக் கையை உள்ளே விட்டுப் பின்னாலிருந்து அடித்தது.

“ஏனுங்க, இங்க வாங்களேன்! இருக்குதுங்க!”

வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். பாக்கிப் பணம் அங்கேயே ஜிபேயில் விழுந்தது.