ஒப்புக்குச் சப்பாணி

சித்திரை பிறந்து பள்ளிக்கூடக் கதவைச் சாத்தியதும் எங்கள் உறையூர்த் தெருவில் ஒரு மந்திரிசபை அமையும். கேப்டன் ஒருத்தி, எதிர்க் கேப்டன் ஒருவன், பேட்டுக்குச் சொந்தக்காரன் ஒருவன், பந்துக்குச் சொந்தக்காரன் இன்னொருவன், ‘நான் வீட்டுக்குப் போறேன்’ என்று மிரட்டுவதற்கென்றே ஒருவன். எல்லாருக்கும் இலாகா பிரித்துக் கொடுத்தபிறகு, நழுவும் டவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒருவன் மிச்சம் நிற்பான். அவன்தான் ஒப்புக்குச் சப்பாணி. இலாகா இல்லாத மந்திரி. ஆட்டத்தில் இருக்கிறான், கணக்கில் இல்லை.

இந்தக் கோடையில் அந்தப் பதவி என் வீட்டுக்கு வந்திருக்கிறது. பையனுக்கு நாலரை வயது. கேப்டன் அவனுடைய அக்கா, ஐந்தாம் வகுப்பு முடித்தவள்.

ஒப்புக்குச் சப்பாணியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. சா பூ த்ரீ போட்டு அணி பிரிக்கும்போது அவன் கையை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அவன் மேலிடத்திலிருந்து திணிக்கப்படுகிறவன். மேலிடம் என்றால் அம்மா. “தம்பியையும் சேத்துக்கிட்டு ஆடு. இல்லைன்னா நீயும் உள்ள வா.” எந்த ஊரில் எந்த ஒப்புக்குச் சப்பாணியைப் பார்த்தாலும் அவனுக்குப் பின்னால் இப்படியொரு உத்தரவும், அந்த உத்தரவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார ஆசைப்பட்ட ஒரு பெண்மணியும் இருப்பார்கள். எங்கள் வீட்டில் கேப்டனும் நானும் வாசற்படியில் நின்று பேசி முடித்த உடன்படிக்கை இது: அவன் ஆடலாம். அவனுக்கு அவுட் கிடையாது. அவன் அடிக்கும் ரன் எந்த அணிக்கும் சேராது. அழுதால் உடன்படிக்கை ரத்து.

பெரியவர்களுக்கு இப்படியொரு வேலை கிடைத்தால் அவமானம் என்று ராஜினாமா கடிதம் எழுதுவார்கள். இவன் ஆனந்தமாக ஏற்றுக்கொண்டான்.

கண்ணாமூச்சியில் இவனைப் பார்க்க வேண்டும். ஒளியும் இடம் எப்போதும் ஒன்றுதான், எங்கள் வாசல் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால். தலை டிரம்முக்குப் பின்னால், மற்றதெல்லாம் தெருவில். கண்ணைத் திறந்து தேட வருகிறவன் இவனைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போவான், இவனைப் பிடித்துப் பிரயோஜனம் இல்லையே. அது இவனுக்குப் பொறுக்காது. பின்னாலேயே ஓடிப்போய், “அக்கா இங்க இல்ல!” என்று தகவல் கொடுப்பான். கொடுக்கும் இடம் அக்கா ஒளிந்திருக்கும் கேட்டுக்கு நேர் எதிரே. அவன் சொன்னது சத்தியமாக அக்காவைக் காப்பாற்றத்தான். அதற்கு விழுந்த குட்டைப் பார்த்து அவனுக்குத்தான் ஆச்சரியம்.

கல்லா மண்ணாவில் ‘கல்’ என்று சொன்னவன் மண்ணில் நிற்பவர்களைத்தான் பிடிக்க முடியும். எனவே எல்லாரும் கல்லைத் தேடி ஓடுவார்கள். என் பையன் ஒரு காலைத் திண்ணைப் படியிலும் மறு காலை மண்ணிலும் வைத்துக்கொண்டு, “பிடி, பிடி” என்று கெஞ்சுவான். பிடிக்க மாட்டார்கள்.

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கியதும் மத்தியான ஆட்டங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். எங்கள் கூடத்தில் ராஜா ராணி. சீட்டுக் குலுக்கிப் போட்டு, போலீஸ் சீட்டு வந்தவன் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதுதான் ஆட்டமே. ஒப்புக்குச் சப்பாணிக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. சீட்டைப் பிரித்தான். புரட்டிப் பார்த்தான். நேரே போலீஸிடமே போய் நீட்டினான். “அண்ணா, இதுல என்ன போட்டிருக்கு?” போலீஸ் மிகுந்த பொறுமையுடன் படித்துக் காட்டினான்: “தி-ரு-டன்.” இவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அம்மா, நான்தான் திருடன்!” என்று சமையலறைக்கு ஓடிவந்து அறிவித்தான். அதற்கப்புறம் எந்தச் சீட்டு வந்தாலும் திருடன்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

சாயங்காலம் கிரிக்கெட். இங்கேதான் அவனுடைய பதவியின் மகத்துவமே இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு லண்டன் எம்.சி.சி. எழுதி வைத்திருக்கும் விதிகள் மொத்தம் 42. எங்கள் தெருவில் எத்தனை என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று பிறக்கிறது. காம்பவுண்டைத் தாண்டி நேராக விழுந்தால் அவுட். ஒரு தடவை தரையில் பட்டு ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். மாடு குறுக்கே வந்தால் மறுபடி போட வேண்டும், ஆனால் மாடு எதிர்க் கேப்டன் வீட்டு மாடாக இருந்தால் அது தனி விசாரணை. இத்தனை சட்டங்களில் ஒன்றுகூடத் தொடாத ஒரே ஜீவன் என் பையன். அவனுக்குப் பந்தை உருட்டிவிடுவார்கள். பட்டால் ஓடுவான். எதிர் ஸ்டம்புக்கு ஓடுவதில்லை, என்னிடம் சொல்ல வீட்டுக்கு ஓடிவருவான்.

பந்து சாக்கடைக்குள் விழுந்தால் அவன் கைதான் உள்ளே போகும். நிறுத்தியிருக்கும் காருக்கடியில் உருண்டால் அவன் உடம்புதான் நுழையும். கடைசி வீட்டுத் தாத்தா ஒருவர், தன் தோட்டத்தில் விழும் பந்துகளை ஜப்தி செய்துவிடுவார். தூது போக ஒப்புக்குச் சப்பாணியை அனுப்புவார்கள். “தாத்தா, பந்து” என்று இவன் நிற்பான். பந்தோடு ஒரு கடலைமிட்டாயும் வரும். மிட்டாயை இவன் திரும்பி வரும் வழியிலேயே முடித்துவிடுவான் என்பதில் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள். 2023இல் ஐ.பி.எல்.லில் வந்ததே ‘இம்பாக்ட் ப்ளேயர்’, அந்தப் பட்டத்தையும் சூட்டிவிட்டார்கள். ராத்திரி சாப்பிடும்போது, “நான் இம்பாக்ட் ப்ளேயர்மா, அதனால ரசம் வேணாம்” என்றான்.

வினை ரன்னர் வடிவில் வந்தது. அடிபட்ட பேட்ஸ்மேனுக்குப் பதிலாக இன்னொருவர் ஓடுவதைச் சர்வதேச ஆட்டங்களில் ஐ.சி.சி. 2011இலேயே நிறுத்திவிட்டது. அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு வரவில்லை. பேட்டுக்குச் சொந்தக்காரனுக்கு பேட்டிங் வந்தவுடன் முட்டி வலிக்கும். “எனக்கு ரன்னர் வேணும், இவன் ஓடட்டும்” என்று என் பையனைக் கை காட்டினான். பையன் ஓடினான். எதிர் ஸ்டம்பையும் தாண்டி, முனைப் பிள்ளையார் கோயில்வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான். அதற்குள் எதிரணி ஸ்டம்பைத் தட்டிவிட்டு ரன் அவுட் என்று குதித்தது.

“எப்படி அவுட்? அவன் ஒப்புக்குச் சப்பாணி. அவனுக்கு அவுட்டே கிடையாது” என்றான் பேட்டுக்குச் சொந்தக்காரன்.

தெரு வாயடைத்துப்போனது. வக்கீல் மகன் ஒருவன் இருந்தும் பதில் வரவில்லை. முட்டி வலிக்காரன் இரண்டு நாள் சாயங்காலம் ஆட்டமிழக்காமல் ஆடினான். மூன்றாம் நாள் எதிரணியில் எல்லாருக்கும் முட்டி வலி.

கேப்டன் முடிவெடுத்தாள். “இனிமே நீ ஒப்புக்கு இல்லடா. நிஜ ஆட்டம்.” பதவி உயர்வில் பையன் மார்பு விரிந்தது. பேட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் நின்றான். முதல் பந்து. உருட்டல் இல்லை, நிஜப் பந்து. பின்னால் அடுக்கியிருந்த மூன்று செங்கல்லில் மேல் கல் விழுந்தது. எல்லாரும் கத்தினார்கள். இவனும் கூடச் சேர்ந்து கைதட்டினான். பிறகு அடுத்த பந்துக்குத் தயாராகக் குனிந்தான்.

“அவுட்டுடா. பேட்டக் குடு.”

“நான் அவுட்டாக மாட்டேனே?” என்றான். அழுகை இல்லை. தெரியாத ஒன்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் குரல்தான். பேட்டைப் பிடுங்கினார்கள். அப்புறம்தான் அழுகை வந்தது. உடன்படிக்கைப்படி நான் வாசலுக்கு வந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குப் பழைய பதவி திரும்பக் கிடைத்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்டை வாங்கிக்கொண்டான். அப்போது பார்த்து, முதல் பந்திலேயே கேட்ச் கொடுத்திருந்த ஏழாம் வகுப்புக்காரன், “அப்ப நானும் ஒப்புக்குத்தான்” என்றான். அடுத்து வக்கீல் மகன். “நானும்.” சைஸ் பார்த்தால் என் தோளுக்கு வருவான்.

கேப்டன் விதி இயற்றினாள். ஒப்புக்குச் சப்பாணி ஆக வேண்டுமானால் டவுசர் பட்டன் போடத் தெரியக் கூடாது. தானாக மூக்குச் சிந்தத் தெரியக் கூடாது. “எனக்கும் தெரியாது” என்று ஏழாம் வகுப்பு சத்தியம் செய்து, சான்றுக்கு மூக்கை உறிஞ்சிக் காட்டினான். வழக்கு என்னிடம் வந்தது. “ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க, இவனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?”

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாடியில் வடகம் காய்வதும், காக்காய் விரட்ட நான் நியமித்திருந்த ஆள் கீழே பேட்டோடு நிற்பதும் உறைத்தது. படியேறினேன். பின்னால் அவன் குரல் கேட்டது.

“எல்லாரும் ஒப்புக்குன்னா யாருடா எனக்குப் பால் போடுறது?”