பின்பக்கத்துப் பாதிக் கதை

கும்பகோணத்து வீட்டுக் கூடத்துப் பரணில், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில், என் அத்தை தைத்து வைத்த பைண்டுகள் இருந்தன. இதைச் சொன்னதுமே உங்களில் பலருக்குப் பழைய தாளும் மைதாப் பசையும் கலந்த வாசனை ஒன்று வந்திருக்கும். வாரப் பத்திரிகையை வீட்டில் எல்லாரும் படித்து முடிக்கும்வரை அத்தை காத்திருப்பாள். பிறகு பின்னை நெம்பித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, கதை முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டி, மேலே தன் குண்டு எழுத்தில் 'கடல் புறா - சாண்டில்யன்' என்று எழுதுவாள். குமுதத்தில் லதாவின் படங்களோடு வந்த அந்தக் கதையைப் பன்னிரண்டு வயதில் நான் அப்படித்தான் படித்தேன்.

ஆனால் என்னை எழுத்தாளனாக்கியது கடல் புறா அல்ல, அதன் முதுகு. தொடர்கதை முடிகிற தாளைத் திருப்பினால் ஒரு சோப்பு விளம்பரம் இருக்கும், சமையல் குறிப்பு இருக்கும், சில சமயம் யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பக்கம் இருக்கும். அப்படி ஒரு பக்கத்தில் ஒரு பெண் குடையை மடக்கித் திண்ணையில் சாத்திவிட்டு, "இனிமேல் நான் வரமாட்டேன்" என்று சொன்னாள். உள்ளே இருந்தவள் அழுதாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. யார் அவள், ஏன் வரமாட்டாள், மற்றவள் எதற்கு அழுதாள்? முன்பக்கங்கள் என்றைக்கோ மளிகைக் கடையில் பொட்டலமாகியிருந்தன. ஆகவே அவற்றை நானே எழுத வேண்டியதாயிற்று. முதல் தடவை குடைக்குள் ஒரு கொலைக்கான தடயம் இருந்தது. அடுத்த கோடை விடுமுறையில் அவள் பேயாக வந்தாள். மீசை அரும்பிய வருஷம் அது காதல் கதையாயிற்று. கல்லூரியில் படித்தபோது அவள் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து திரும்பிப் போகிறவள். துப்பறியும் கதை, சரித்திரம், குடும்பக் கதை, விஞ்ஞானக் கதை என்று நான்கைந்து துறைகளில் எப்படி எழுதுகிறீர்கள் என்று இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு நான் அந்தக் குடையைத்தான் காட்ட வேண்டும்.

அப்படிப் பல துறைகளில் எழுதுவது அன்றைக்கு விசேஷமாகவும் தோன்றவில்லை. கல்கி பல்லவர் காலத்தையும் எழுதினார், சுதந்திரப் போராட்டக் காலத்து 'அலை ஓசை'யையும் எழுதினார், கச்சேரி விமர்சனமும் எழுதினார். ரா. கி. ரங்கராஜனோ சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, வினோத் என்று கதைக்கொரு பெயர் வைத்துக்கொண்டார். அவர்கள் எல்லாரும் ஒரே ஆள் என்று தெரிந்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்ததால்தான் இன்னொரு ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். கணேஷும் வசந்தும் நீதிமன்றப் படியேறியதும், ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்ததும், 1857 புரட்சியில் ரத்தம் சிந்தியதும், ஸ்ரீரங்கத்து வீதிகளில் கிரிக்கெட் பந்து உருண்டதும் அந்த ஒரே பேனாவில். பகலில் அவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 2008இல் அவர் காலமான செய்தி வந்த இரவு, என் அலமாரியில் அவருடைய புத்தகங்களைத் தேடினேன். இரண்டுகூட ஒரே தட்டில் இல்லை. எல்லாத் தட்டிலும் இருந்தார்.

எங்கள் தேரடி லெண்டிங் லைப்ரரியிலும் அப்படித்தான், ஜெயகாந்தன் மேல் முத்து காமிக்ஸ் படுத்திருக்கும், அதன் மேல் யாராவது திருப்பிக் கொடுத்த ராணி முத்து. இரும்புக்கை மாயாவியை எடுக்கக் கைநீட்டி, கைக்கு வந்த தி. ஜானகிராமனோடு வீட்டுக்குப் போன மாலை எனக்கு நினைவிருக்கிறது. இப்போது என் கைபேசி, நான் நேற்றுப் படித்தது போலவே இன்னொன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறது. போன மாதம் ஒரு நாவலை மின்னூலாக வலையேற்றியபோது அது என்ன வகை என்று கேட்டார்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாமாம். அரைமணி நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

புதுமையின் மேல் எனக்குக் கோபமில்லை. ஃபுல்ஸ்கேப் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, திரும்பி வருவதற்கும் தபால்தலை ஒட்டிய உறையை நாமே உள்ளே வைத்துப் பத்திரிகைக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த உறையில் நம் கையெழுத்தையே வாசலில் பார்த்ததும் வயிறு கலங்கும். அந்த அவஸ்தையை இனி ஒரு பிள்ளையும் படவேண்டாம். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் என் சட்டைப்பைக் கைபேசியில் இருக்கிறது, நள்ளிரவில் வந்தியத்தேவனைக் கூப்பிட்டால் வருகிறான். ஆனால் அந்தத் திரையைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒன்றுமில்லை.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த அச்சுச் செல்வத்திலிருந்து 1994இல் உருவானது. வேறொரு நாவலுக்காகப் பழைய இதழ்களைப் புரட்டப் போன ஒரு நாள், அந்தக் குடை கண்ணில் பட்டது. கை நடுங்க முன்பக்கங்களைப் படித்தேன். அவள் பாட்டு வாத்தியார். தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டதால், இனிமேல் சம்பளம் வாங்குவது தவறு என்று விடைபெற வந்திருக்கிறாள். நாற்பது வருஷமாக நான் எழுதிப் பார்த்த எந்தக் கதையிலும் இவ்வளவு நல்லவள் வரவில்லை.

அன்று ராத்திரியே அத்தைக்குப் போன் செய்தேன். எண்பத்தெட்டு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். குடை என்று நான் ஆரம்பித்ததுமே, "அந்தப் பாட்டு வாத்தியாரம்மா கதைதானே?" என்றாள். "முழுசாப் படிச்சுட்டுத்தானேடா கிழிச்சேன். கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."